எயிட்ஸ் நினைவுப் போர்வை

எயிட்ஸ் நினைவுப் போர்வை என்பது எயிட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாகப் பொதுமக்கள் தைத்தளித்த துணிகளை இணைத்து உருவாக்கப்பட்ட மாபெரும் ஒட்டுத்தையல் போர்வை ஆகும். இது 1987 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்டது. இறந்தவர்களின் பெற்றோர், வாழ்க்கைத் துணைவர், நண்பர், உடன் பணியாற்றியோர் ஆகியோரும், அவர்களை முன்பின் அறியாத தன்னார்வலர்களும் இத்துணிகளைத் தைத்துள்ளனர். இன்று இப்போர்வையில் ஏறத்தாழ 50,000 நினைவுத் துணிகள் உள்ளன. அவற்றில் 1,00,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அமெரிக்க அளவையில் 54 டன் எடை கொண்ட இது, உலகின் மிகப் பெரிய சமுதாய நாட்டார் கலைப் படைப்பு எனக் குறிப்பிடப்படுகிறது.

இறந்தவர்களை நினைவுகூர்தல், நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு நிதி திரட்டல், நோய் பற்றிய அறிவைப் பரப்புதல் ஆகிய மூன்று நோக்கங்களுக்கும் இப்போர்வை பயன்பட்டது. தையல் கலை அறப்பணிக்குத் துணைநின்றதற்கு இது ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஒட்டுத்தையலும் தொண்டும்

பல துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த மேலடுக்கு, நடுவே பஞ்சு அல்லது கம்பளி அடுக்கு, கீழே முழுத்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்து உருவாக்கப்படும் தடித்த போர்வை ஆங்கிலத்தில் குயில்ட் என அழைக்கப்படுகிறது. பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்தின் காந்தா விரிப்பும் இதற்கு நெருங்கிய உறவுடையதே. குளிர் மிகுந்த வட அமெரிக்காவில் இப்போர்வை வீட்டின் இன்றியமையாத பொருளாக இருந்தது. அண்டை வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி ஒரே சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைப்பது அங்கு நெடுநாள் வழக்கம்.

இவ்வழக்கம் விரைவிலேயே அறப்பணிக்கும் பயன்படலாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) பெண்கள் தைத்த போர்வைகள் காயமுற்ற வீரர்களுக்கு அனுப்பப்பட்டன. நிதி திரட்டுவதற்கான சந்தைகளிலும் அவை விற்கப்பட்டன. முதலாம் உலகப் போர்க் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகக் கையொப்பப் போர்வைகள் தைக்கப்பட்டன. சிறு தொகை செலுத்தியவரின் பெயர் போர்வையில் நூலால் தைக்கப்படும். பெயர்கள் நிறைந்தபின் அப்போர்வை ஏலத்திலோ குலுக்கலிலோ கொடுக்கப்படும். இவ்வாறு ஒரே போர்வை இருமுறை நிதி ஈட்டித் தந்தது.

துணியில் பெயரைத் தைத்து ஓர் அறப்பணியை ஆதரிப்பது ஆகவே அமெரிக்கருக்குப் புதியதன்று. கையொப்பப் போர்வையில் இருந்தவை நன்கொடை அளித்த, உயிரோடிருப்பவர்களின் பெயர்கள். எயிட்ஸ் நினைவுப் போர்வையில் இருப்பவை இறந்தவர்களின் பெயர்கள். இவ்வேறுபாடே பின்னதன் தனித்தன்மைக்குக் காரணமாயிற்று.

பின்னணி

பின்னர் எயிட்ஸ் எனப் பெயரிடப்பட்ட நோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 ஆம் ஆண்டு சூன் 5 அன்று ஐக்கிய அமெரிக்காவில் வெளியாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அரிய வகை நுரையீரல் அழற்சி அதில் விவரிக்கப்பட்டிருந்தது. 1983 இல் இந்நோய்க்குக் காரணமான தீநுண்மி கண்டறியப்பட்டது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986 ஆம் ஆண்டில் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் வெளிப்பட்டது.

நோய் பரவிய முதல் ஆண்டுகளில் பயனுள்ள மருந்து எதுவும் இல்லை. அமெரிக்காவில் நோயுற்றோரில் பெரும்பாலோர் தற்பாலீர்ப்புள்ள ஆண்களாக இருந்தமையால், நோயோடு பழியும் சேர்ந்து பரவியது. பல குடும்பங்கள் இறப்பின் காரணத்தை மறைத்தன. ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனங்களும் இடுகாடுகளும் பல, எயிட்ஸ் நோயால் இறந்தவர்களின் உடலை ஏற்க மறுத்தன. இறந்தவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்த துணைவருக்குச் சட்டப்படி உறவு எதுவும் இல்லாததால், அடக்கத்தில் பங்குகொள்ளும் உரிமையும் பலருக்குக் கிடைக்கவில்லை. கல்லறையோ நடுகல்லோ இன்றி மறைந்தோர் பலர்.

தோற்றம்

சான் பிரான்சிஸ்கோவின் நகராட்சி உறுப்பினர் ஆர்வி மில்க், நகரத் தலைவர் சார்ச் மாசுகோனி ஆகிய இருவரும் 1978 ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஊர்வலம் நடைபெற்று வந்தது. 1985 ஆம் ஆண்டு ஊர்வலத்தை ஒழுங்குசெய்தவர்களுள் கிளீவ் சோன்சு என்பவரும் ஒருவர். அந்நகரில் மட்டும் எயிட்ஸ் நோயால் இறந்தோர் தொகை 1,000-ஐத் தாண்டிவிட்டதை அறிந்த அவர், ஊர்வலத்தில் வருவோர் தாம் இழந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதிவருமாறு கேட்டுக்கொண்டார். ஊர்வலத்தின் முடிவில் அவ்வட்டைகள் நடுவண் அரசுக் கட்டடம் ஒன்றின் சுவரில் ஒட்டப்பட்டன. சுவர் முழுதும் நிறைந்திருந்த அட்டைகள், பல துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வையைப் போலத் தோன்றின. நினைவுப் போர்வை பற்றிய எண்ணம் சோன்சுக்கு அப்போதே உருவாயிற்று.

போர்வையைத் தேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அமெரிக்கரின் மனத்தில் ஒட்டுத்தையல் போர்வை என்பது பாட்டியையும் வீட்டையும் குடும்பப் பாசத்தையும் நினைவூட்டும் பொருள். குடும்பத்தினின்று விலக்கப்பட்டவர்களைக் குடும்பத்தின் அடையாளமான பொருளிலேயே பதிப்பதன் மூலம், அவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே என்பதை உணர்த்த இயலும் எனக் கருதப்பட்டது.

1986 ஆம் ஆண்டில் இறந்த தம் நண்பர் மார்வின் ஃபெல்ட்மன் நினைவாகச் சோன்சு முதல் நினைவுத் துணியை உருவாக்கினார். 1987 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவரும் மைக் சுமித்து முதலானோரும் சேர்ந்து நேம்ஸ் புரொஜெக்ட் என்ற அமைப்பை முறைப்படி தொடங்கினர். இப்பெயருக்குப் 'பெயர்கள் திட்டம்' என்பது பொருள். மார்க்கெட் தெருவில் ஒரு கடையறை பணிமனை ஆயிற்று. தையல் இயந்திரங்கள், துணி, நூல் முதலியன நன்கொடையாக வந்து சேர்ந்தன. தைக்கத் தெரிந்தோர் தெரியாதோருக்குக் கற்றுக்கொடுத்தனர். தொடக்கத்திலேயே இணைந்த கெர்ட் மெக்முல்லின் என்ற பெண்மணி பின்னர் பல பத்தாண்டுகள் இப்போர்வையைப் பேணிக் காக்கும் பொறுப்பை ஏற்றார்.

அமைப்பு

ஒவ்வொரு நினைவுத் துணியும் 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. இது ஏறத்தாழ ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவாகும். போர்வை தரையில் விரிக்கப்படும்போது, ஒவ்வொரு இறப்புக்கும் எவ்வளவு நிலம் வேண்டியிருந்திருக்கும் என்பதைப் பார்வையாளர் கண்ணாலேயே அறியலாம். செய்தித்தாளில் எண்ணாக மட்டும் படித்ததை நடந்து கடக்க வேண்டிய தொலைவாக மாற்றியது இவ்வளவேயாகும்.

எட்டுத் துணிகள் இணைத்துத் தைக்கப்பட்டு, 12 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒரு தொகுதி ஆகும். தொகுதியின் ஓரங்களில் கித்தான் பட்டை வைத்துத் தைத்து உலோக வளையங்கள் பொருத்தப்படும். இவ்வளையங்களைக் கொண்டு தொகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்கலாம், சுவரிலும் தொங்கவிடலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எண் உண்டு. ஆகவே குறிப்பிட்ட ஒருவரின் துணி எங்குள்ளது என்பதை எளிதில் கண்டறிய இயலும். இத்தொகுதி முறையால் போர்வை எவ்வளவு பெருகினாலும் பிரித்து எடுத்துச் செல்ல முடிந்தது. ஒரே நேரத்தில் பல ஊர்களில் அதன் பகுதிகளைக் காட்சிக்கு வைக்கவும் முடிந்தது.

தையற்கலையின் இலக்கணப்படி பார்த்தால் இவற்றுள் பெரும்பாலானவை ஒட்டுத்தையல் போர்வைகள் அல்ல. மடித்து வைப்பதற்கும் எடையைக் குறைப்பதற்கும் ஏற்ப, நடுவே பஞ்சு அடுக்கு வைக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தப்படுகிறது.

நினைவுத் துணி உருவாக்கும் முறை

தையலில் பயிற்சி இல்லாதவரும் செய்யக்கூடிய வகையில் விதிகள் எளிமையாக அமைந்துள்ளன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- இழுத்தால் நீளாத, நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணியே அடித்துணியாக ஏற்றது.
- முடிந்த அளவு 3 அடிக்கு 6 அடி இருக்க வேண்டும். நான்கு பக்கங்களிலும் மடித்துத் தைப்பதற்கு 2 அல்லது 3 அங்குலம் கூடுதலாக விட வேண்டும்.
- எழுத்துக்களையும் உருவங்களையும் வேறு துணியில் வெட்டி மேலே வைத்துத் தைக்கலாம்; பூந்தையலாகவும் செய்யலாம்; சாயம் கொண்டு தீட்டலாம். பசை நாளடைவில் விட்டுப்போகும் என்பதால் தையலே விரும்பப்படுகிறது.
- நிழற்படங்களைப் பருத்தித் துணியில் பதித்துத் தைக்கலாம்.
- பலமுறை மடித்து விரிக்கப்படும் என்பதால், சேர்க்கும் பொருள்கள் உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும்.
- இறந்தவரைப் பற்றிய கடிதம் ஒன்றும், இயன்றால் நிழற்படமும் உடன் அனுப்புமாறு கேட்கப்படுகிறது.

இவ்விதிகளுக்கு உட்பட்டு மக்கள் சேர்த்த பொருள்கள் பலவகைப்பட்டவை. சட்டைகள், கால்சட்டைகள், தொப்பிகள், கரடிப் பொம்மைகள், திருமண மோதிரங்கள், வாகனச் சாவிகள், காதல் கடிதங்கள், இசைத்தட்டுகள், தலைமுடி ஆகியவை துணிகளில் காணப்படுகின்றன. இறந்தவரின் எரிசாம்பலைச் சேர்த்துத் தைத்தவர்களும் உள்ளனர்.

நடிகர் ராக் அட்சன், பாடகர் ஃபிரெடி மெர்க்குரி போன்ற புகழ்பெற்றவர்களுக்கும், ஊர் பேர் தெரியாதவர்களுக்கும் துணியின் அளவு ஒன்றே. சில துணிகளில் முழுப்பெயர் இல்லை. முதற்பெயரோ முதலெழுத்தோ மட்டும் உண்டு. குடும்பத்தினர் பெயர் வெளிவருவதை விரும்பாததே இதற்குப் பெரும்பாலும் காரணம். எல்லாத் துணிகளும் புகழுரையாகவும் அமையவில்லை. தம் நோயை இறுதிவரை மறுத்த வழக்கறிஞர் ராய் கோன் என்பவருக்கான துணியில் கொடுமைக்காரர், கோழை, பலியானவர் எனப் பொருள்படும் மூன்று சொற்கள் மட்டுமே உள்ளன.

காட்சிகள்

போர்வை முதன்முதலாக 1987 ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று தலைநகர் வாசிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே உள்ள தேசியத் திடலில் விரிக்கப்பட்டது. அப்போது அதில் 1,920 துணிகள் இருந்தன. பரப்பில் அது ஒரு காற்பந்துத் திடலைவிடப் பெரியது. அவ்வார இறுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அதைப் பார்வையிட்டனர்.

விரிக்கும் முறைக்கெனத் தனி ஒழுங்கு உண்டு. தொகுதிகள் தாமரை மொட்டைப் போல நடுநோக்கி மடிக்கப்பட்டிருக்கும். வெள்ளுடை அணிந்த தன்னார்வலர்கள் சுற்றி நின்று இதழ் இதழாகப் பிரித்து விரிப்பர். அவ்வேளையில் இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கப்படும். வேறு உரையோ அறிக்கையோ இடம்பெறுவதில்லை. தொகுதிகளுக்கு இடையே நடைபாதை அமைக்கப்படுவதால் பார்வையாளர் ஒவ்வொரு துணியின் அருகிலும் சென்று நின்று படிக்க முடியும்.

1988 ஆம் ஆண்டில் போர்வை நான்கு மாதங்களில் 20 நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் புதிய துணிகள் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில் வெள்ளை மாளிகைக்கு முன்னுள்ள எலிப்சு திடலில் விரிக்கப்பட்டபோது துணிகளின் எண்ணிக்கை 8,288 ஆக உயர்ந்திருந்தது. ஓராண்டில் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட இவ்வளர்ச்சி, திட்டத்தின் வெற்றியையும் நோயின் கொடுமையையும் ஒருசேரக் காட்டியது. 1992 அளவில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலிருந்தும் 28 நாடுகளிலிருந்தும் துணிகள் வந்திருந்தன.

போர்வை முழுமையாக விரிக்கப்பட்ட இறுதிக் காட்சி 1996 ஆம் ஆண்டு அக்டோபரில் வாசிங்டனில் நடைபெற்றது. தேசியத் திடல் முழுவதையும் அது நிறைத்தது. அதே ஆண்டில் கூட்டு மருந்துச் சிகிச்சை பயன்பாட்டுக்கு வந்ததைத் தொடர்ந்து அமெரிக்காவில் எயிட்ஸ் இறப்புகள் குறையத் தொடங்கின.

அறப்பணியில் பங்களிப்பு

நிதி திரட்டல்: 1988 ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் வழியாக ஏறத்தாழ 5,00,000 டாலர் திரட்டப்பட்டு, நோயாளிகளுக்கு உதவும் நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்கு வழங்கப்பட்டது. 9,000-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் தன்னார்வலர்கள் அப்பயணத்தில் பணியாற்றினர். 1989 ஆம் ஆண்டின் பயணமும் பிற காட்சிகளும் ஏறத்தாழ 2,50,000 டாலர் ஈட்டித் தந்தன. இங்கு போர்வையின் எப்பகுதியும் விற்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. காண வந்தவர்கள் மனமுவந்து அளித்த தொகையே நிதியாயிற்று. வழக்கமான ஏலப் போர்வை ஒருமுறை விற்றதும் அதன் பணி முடிந்துவிடும். விற்கப்படாத இப்போர்வை ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டியது.

கல்வி: அஞ்சியும் வெறுத்தும் விலகி நின்றோர்க்கு, நோயைப் பற்றிய விரிவுரையைவிட ஒருவரின் சட்டையும் பெயரும் பிறந்த ஆண்டும் எளிதில் புரிந்தன. இதனால் பள்ளிகளும் கல்லூரிகளும் தேவாலயங்களும் போர்வையின் தொகுதிகளை வரவழைத்துக் காட்சிக்கு வைத்து, நோய்த் தடுப்பு பற்றிய விளக்கங்களையும் நடத்தின.

துயராற்றல்: துக்கத்தை வெளிப்படையாகச் சொல்லமுடியாத நிலையில் இருந்தவர்களுக்குத் தையல் ஒரு வழியாக அமைந்தது. ஒரு துணியைத் தைத்து முடிப்பதற்குப் பல நாட்கள் தேவைப்படும். அந்நாட்களில் அவர்கள் தம்மைப் போன்ற பிறரோடு ஒரே மேசையில் அமர்ந்து பணிசெய்தனர். மகனின் நோயை ஊருக்கு மறைத்த தாயும், மகனுடைய துணைவரும் முதன்முறையாகச் சந்தித்துப் பேசுவதற்கு இத்தகைய துணிகள் வாய்ப்பளித்தன. உடன் அனுப்பப்பட்ட கடிதங்கள் இன்று அக்காலத்தின் வரலாற்று ஆவணங்களாக விளங்குகின்றன.

விமர்சனங்கள்

போர்வை குறித்து மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. அரசின் மெத்தனமே பல இறப்புகளுக்குக் காரணம் எனக் கருதிய போராட்ட அமைப்பினர் சிலர், போர்வை சினத்தைத் தணித்து அழுகையாக மாற்றிவிடுகிறது என்றும், கொலைக்குரிய பொறுப்பை அழகிய துணியால் மூடிவிடுகிறது என்றும் குறைகூறினர். 1992 ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று, போர்வை தலைநகரில் விரிக்கப்பட்டிருந்த அதே நாட்களில், ஆக்ட் அப் என்ற அமைப்பினர் ஊர்வலமாகச் சென்று தம் அன்புக்குரியோரின் எரிசாம்பலை வெள்ளை மாளிகையின் வேலிக்குள் புல்வெளியில் வீசினர். இறந்தவரின் சாம்பலைத் துணியில் வைத்துத் தைப்பதும், ஆட்சியாளரின் முற்றத்தில் எறிவதும் ஒரே துயரத்திலிருந்து பிறந்த இருவேறு செயல்களாகும். இரண்டிலும் பங்குகொண்டோரும் இருந்தனர்.

வெள்ளையரான ஆண்களின் பெயர்களே போர்வையில் மிகுந்திருப்பதும், நோயால் பெரிதும் பாதிக்கப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்கள் குறைந்திருப்பதும் மற்றொரு குறையாகச் சுட்டப்பட்டது. தைப்பதற்கான ஓய்வு, பொருள், துணிவு ஆகியன எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. இக்குறையை நீக்குவதற்காகக் கால் மை நேம் என்ற பெயரில் கறுப்பின மக்களிடையே தையல் பட்டறைகள் நடத்தப்பட்டன. 2022 ஆம் ஆண்டில் தென் மாநிலங்களை மையமாகக் கொண்ட சேஞ்ச் தி பேட்டர்ன் என்ற திட்டம் மிசிசிப்பி மாநிலத்தின் சாக்சன் நகரில் தொடங்கப்பட்டது.

பேணலும் தற்கால நிலையும்

2001 ஆம் ஆண்டில் போர்வை சியார்சியா மாநிலத்தின் அட்லாண்டா நகருக்கு மாற்றப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் இதன் பொறுப்பைத் தேசிய எயிட்ஸ் நினைவக அமைப்பு ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. 2020 இல் போர்வை மீண்டும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. துணிகளோடு வந்த கடிதங்கள், நிழற்படங்கள் முதலியன அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன.

இவ்வளவு பெரிய துணித் தொகுப்பைப் பேணுவது எளிதன்று. வெளியில் விரிக்கும்போது வெயிலும் மழையும், மடித்து வைக்கும்போது மடிப்புக் கோடுகளும் துணியை நலிவிக்கின்றன. ஒட்டப்பட்ட எழுத்துக்கள் உதிர்கின்றன. ஆகவே கிழிசல்களைத் தைப்பதும், விளிம்புகளைப் புதுப்பிப்பதும் இடையறாத பணியாக நடைபெறுகின்றன.

2020 ஆம் ஆண்டில் கோவிட்-19 தொற்று பரவியபோது, போர்வைப் பணிக்கென வாங்கப்பட்டு எஞ்சியிருந்த துணிகளைக் கொண்டு கெர்ட் மெக்முல்லின் முகக்கவசங்கள் தைத்து, வளைகுடாப் பகுதியின் தொண்டு அமைப்புகளுக்கு வழங்கினார். 2022 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஏறத்தாழ 3,000 துணிகள் விரிக்கப்பட்டன. 2024 ஆம் ஆண்டு திசம்பர் 1 அன்று, உலக எயிட்ஸ் நாளையொட்டி, போர்வையின் பகுதிகள் முதன்முறையாக வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் வைக்கப்பட்டன. 1988 இல் அம்மாளிகைக்கு வெளியே விரிக்கப்பட்ட போர்வை உள்ளே செல்வதற்கு 36 ஆண்டுகள் ஆயின.

புதிய துணிகள் இன்றும் ஏற்கப்படுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களுக்காக இப்போது தைத்து அனுப்புவோரும் உள்ளனர்.

தாக்கம்

1989 ஆம் ஆண்டில் இத்திட்டம் அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. போர்வையில் இடம்பெற்ற சிலரின் வாழ்க்கையைக் கூறும் காமன் திரெட்ஸ் என்ற ஆவணப்படம் (1989), சிறந்த முழுநீள ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளிலும் இதே முறையில் நினைவுப் போர்வைகள் உருவாயின. நியூசிலாந்துப் போர்வை அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகமான தெ பாப்பாவில் உள்ளது. ஐக்கிய இராச்சியப் போர்வை 2025 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இலண்டன் டேட் மாடர்ன் காட்சியகத்தில் விரிக்கப்பட்டது. கோவிட்-19 தொற்றால் இறந்தவர்களின் நினைவாகவும் இதே வழியில் போர்வைகள் தைக்கப்பட்டுள்ளன.

இவற்றையும் பார்க்க

- எயிட்ஸ்
- உலக எயிட்ஸ் நாள்
- ஒட்டுத்தையல்
- காந்தா தையல்
- செஞ்சிலுவைச் சங்கம்